மீண்டும் கேட்கத்தக்க குரல்கள்

நல்ல நூலை ஒருமுறை படித்ததோடு நிறைவு கொள்வார் இல்லை. பாட்டும் அவ்வாறே, கேட்ட பாட்டையே மறுபடி கேட்க விழைவது மனித இயல்பு. ஆனால் பேச்சின் நிலை வேறு. வாயினின்று புறப்பட்ட சொல் காற்றில் கலந்ததும் மறைந்துவிடுகிறது. சொன்னவரே மீண்டும் சொன்னாலும் அது முன்பு சொன்ன சொல் ஆவதில்லை. பன்னெடுங்காலம் மனிதன் இந்த இழப்பை இயற்கையின் நியதி என்றே ஏற்றுக்கொண்டிருந்தான். வானொலி தோன்றிய புதிதிலும் இந்நிலை மாறவில்லை. ஒரு குரல் ஆயிரம் இல்லங்களில் ஒரே கணத்தில் ஒலித்தது; அடுத்த கணத்தில் ஆயிரம் இல்லங்களிலும் ஒருங்கே மறைந்தது.

இன்று அந்த நியதி தளர்ந்துவிட்டது. பாட்காஸ்ட் என்னும் பெயரே 2004ஆம் ஆண்டில்தான் உருவாயிற்று. அதற்குள் அது உலகெங்கும் பரவி, கைத்தொலைபேசி வைத்திருப்போர் எவரும் வேண்டிய உரையை வேண்டிய நேரத்தில் வேண்டிய முறை கேட்கலாம் என்னும் நிலை வந்துள்ளது. கேட்பதற்கு வழி பெருகியதும் வேறொரு கேள்வி எழுகிறது. கேட்கத்தக்கவை எவை என்பது எளிய கேள்வி. மறுமுறை கேட்கத்தக்கவை எவை என்பதே அரிய கேள்வி. அதற்கு விடை தேட நாம் வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டு ஒலிபரப்பின் வரலாற்றையே சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

இந்தியாவில் முறையான ஒலிபரப்பு 1927ஆம் ஆண்டில் தொடங்கிற்று. தனியார் நிறுவனம் ஒன்று அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் பம்பாயிலும், ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவிலும் நிலையங்களை நிறுவியது. மூன்றாண்டு கழியுமுன் அந்நிறுவனம் நொடித்துப்போக, 1930இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. 1936ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அதற்கு அகில இந்திய வானொலி என்னும் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. அந்நாளில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகவே நடைபெற்றன. பாடகரும் பேச்சாளரும் குறித்த வேளையில் நிலையத்துக்கு வந்து ஒலிவாங்கியின் முன் அமர்ந்தனர். பாடி முடித்து, பேசி முடித்து, எழுந்து சென்றனர். இசைத்தட்டு 1902 முதலே இந்தியாவில் இருந்ததென்றாலும், அது ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடங்களே கொள்ளும். அரைமணி நேர உரையை அதில் அடக்குவது பெருஞ்செலவு, பெருந்தொல்லையும்கூட. காந்த நாடா பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. ஆகவே முதல் இருபதாண்டுகளில் ஒலித்தவற்றுள் நமக்கு எஞ்சியவை மிகச் சிலவே.

அக்காலத்துக் குரல்களுள் ஒன்றின் கதை விந்தையானது. 1942 ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் தலைவர்கள் சிறைப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. நாட்டில் நடப்பது நாட்டு மக்களுக்கே தெரியாதவாறு திரையொன்று விழுந்தது. அத்திரையைக் கிழிக்க முனைந்தவர் சில இளைஞர். அவர்களுள் முதன்மையானவர் உஷா மேத்தா என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண். அவர்கள் அமைத்த மறைவான நிலையம், காங்கிரஸ் வானொலி என்ற பெயரால், 1942 ஆகஸ்டு 27ஆம் நாள் 42.34 மீட்டரில் ஒலிக்கத் தொடங்கியது. டாக்டர் ராம் மனோகர் லோகியா போன்ற தலைவர்கள் தலைமறைவாக இருந்தவாறே அதற்குத் துணை நின்றனர். போலீசார் கண்டுபிடித்துவிடாதிருக்க ஒலிபரப்புக் கருவியை வீட்டுக்கு வீடு மாற்றிச் சென்றனர். இந்துஸ்தானியிலும் ஆங்கிலத்திலும் செய்திகளும் உரைகளும் ஒலித்தன. மற்ற எங்கும் சொல்ல இயலாதவை அதில் சொல்லப்பட்டன. இது மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. 1942 நவம்பர் 12ஆம் நாள் இரவு, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே போலீசார் கதவை உடைத்து உட்புகுந்தனர். உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்று 1946இல் விடுதலையானார்.

அந்த ஒலிபரப்புகளில் என்ன பேசப்பட்டது என்பதை நாம் இன்று அறிவது எவ்வாறு? அவற்றைப் பொறுப்புடன் கேட்டு எழுதி வைத்தவர்கள் காங்கிரஸ்காரர் அல்லர். அவர்களைப் பிடிக்க முயன்ற போலீசாரே! நாள்தோறும் ஒலிபரப்பைக் கேட்டு, வழக்குக்குச் சான்றாக வேண்டுமென்று, சொல்லைச் சொல்லாக எழுத்தில் வடித்தனர். அந்தக் காகிதங்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, பல்லாண்டுகளுக்குப் பின் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டி, 2021இல் நூலாகவும் வெளிவந்தன. அழிக்க வந்தவர் கையே காக்கும் கையாக மாறியது. ஆனால் காக்கப்பட்டது சொல் மட்டுமே. அச்சமின்றிப் பேசிய அக்குரலின் ஏற்ற இறக்கம் காகிதத்தில் இல்லை. மறுமுறை கேட்பதற்கு முதல் தேவை, யாரேனும் ஒருவர் அதைக் காப்பாற்றி வைத்திருத்தல் என்னும் எளிய உண்மையை இந்நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டுகிறது.

இனி, காக்கப்பட்ட குரல்களுக்கு வருவோம். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும் வேளையில் அரசியல் நிர்ணய சபையில் ஜவாஹர்லால் நேரு ஆற்றிய உரையை அறியாத இந்தியர் அரியர். அவ்வுரையை அன்றிரவே வானொலியில் கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுது இந்தியப் பகுதியில் இருந்தவை டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, லட்சுமணபுரி ஆகிய ஆறு நிலையங்கள். ஒலிபரப்புக் கருவிகள் பதினெட்டு. அவற்றின் வீச்சு மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொருவரையே எட்டியது. வீச்சுக்குள் வாழ்ந்தோரிலும் வானொலிப் பெட்டி வாங்கும் வசதி வாய்த்தவர் சிலரே. பெட்டி இருந்தாலும் ஆங்கிலம் விளங்க வேண்டும். நள்ளிரவு வரை விழித்திருக்கவும் வேண்டும். ஆக, நம்மில் மிகப் பலருக்கு அவ்வுரை முதன்முறை செவிப்பட்டதே மறு ஒலிபரப்பில்தான். அதன் புகழ் அந்த ஒரு நள்ளிரவில் பிறந்ததாயினும், வளர்ந்தது பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்ட பல்லாயிரம் பொழுதுகளில்.

முதன்முறை கேட்பவர் செவியில் வெற்றி முழக்கமே நிறைகிறது. மறுமுறை கேட்கையில் வேறொன்று புலப்படும். பழைய உறுதிமொழியை நிறைவேற்றும் நேரம் வந்தது என்று சொல்லும் அதே மூச்சில், அது முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் நேரு ஒப்புக்கொள்கிறார். நாடு இரண்டாகப் பிரிந்த துயரம் அந்தச் சிறு ஒப்புதலில் அடங்கியிருக்கிறது. எளியோர் ஒவ்வொருவரின் கண்ணீரையும் துடைப்பதே நம் தலைமுறையின் தலைசிறந்த மனிதருடைய விருப்பம் என்று அவர் குறிப்பிடும்போது, காந்தியடிகளைப் பெயர் சொல்லாமலே நினைவுகூர்கிறார். அந்த மனிதர் அவ்விரவில் அவையில் இல்லை. டெல்லியின் விளக்கொளியை விட்டு விலகி, கல்கத்தாவில் பேலியாகாட்டாப் பகுதியிலுள்ள ஒரு வீட்டில் தங்கி, கலகத்தைத் தணிக்க முயன்றுகொண்டிருந்தார். விடுதலை நாளுக்குச் செய்தி வேண்டுமென்று அதிகாரிகள் அணுகியபோது, தம் உள்ளம் வற்றிப்போயிற்று என்னும் பொருள்படக் கூறிச் செய்தி தர மறுத்துவிட்டார். இவ்வளவும் அறிந்தபின் அந்த நள்ளிரவு உரையைக் கேளுங்கள். அதன் ஒலி சற்று மாறியே தோன்றும். உரை மாறவில்லை, கேட்கும் நாம் மாறியிருக்கிறோம். மறுமுறை கேட்டலின் பயன் இதுவே.

அன்று பேச மறுத்தவர் மூன்று மாதத்துக்குள் வானொலியில் பேச இசைந்தார். 1947 நவம்பர் 12ஆம் நாள், காங்கிரஸ் வானொலி பிடிபட்டதற்குச் சரியாக ஐந்தாண்டு நிறைவில், காந்தியடிகள் டெல்லி வானொலி நிலையத்துக்கு வந்தார். அவர் அந்நிலையத்துக்கு வந்து பேசியது அந்த ஒரே முறைதான். இலண்டனில் 1931இல் அமெரிக்க மக்களுக்காக ஒலிவாங்கியின் முன் பேசியிருக்கிறார். அவருடைய மாலைப் பிரார்த்தனை உரைகளை நம் வானொலியும் பதிவு செய்து ஒலிபரப்பி வந்தது. ஆனால் நிலையத்துக்கே வந்து பேசியது அன்றுதான். அன்று தீபாவளித் திருநாள். குருக்ஷேத்திரத்தில் கூடாரங்களில் தங்கியிருந்த அகதிகளை நேரில் காண அவர் விரும்பியும் செல்ல இயலவில்லை. ஆகவே வானொலியின் வாயிலாக அவர்களிடம் பேச முன்வந்தார்.

வீடிழந்து, உற்றாரை இழந்து, தீபமேற்ற ஒரு திண்ணைகூட இல்லாதவர்களிடம் தீபாவளி நாளன்று எதைச் சொல்வது? அவர் சொல்லலங்காரத்தை நாடவில்லை. முகாமைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பற்றியும், ஒழுங்கு பற்றியும், பிறர் ஈகையை மட்டும் நம்பியிராமல் தம் கையால் உழைப்பது பற்றியும் பேசினார். முதன்முறை கேட்போருக்கு இது வறண்ட அறிவுரையாகத் தோன்றக்கூடும். மறுமுறை கேட்போர் ஒன்றை உணர்வர்: அவர் அவர்களை இரக்கத்துக்குரியோராக எண்ணிப் பேசவில்லை, தம்மோடு சமமாக நின்று பொறுப்பேற்கத்தக்க குடிமக்களாக எண்ணிப் பேசுகிறார். எல்லாம் இழந்தவருக்கு மானத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய கொடை ஏது? இந்நாளின் நினைவாகவே நவம்பர் 12ஆம் நாள் பொதுப்பணி ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

அதற்குப்பின் எண்பது நாள்கூடச் செல்லவில்லை. 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை காந்தியடிகள் சுடப்பட்டு வீழ்ந்தார். அன்றிரவு நேரு வானொலி நிலையத்துக்கு வந்து, எழுதி வைத்துக்கொள்ளாமல், உள்ளத்தில் எழுந்தவாறே பேசினார். ஒளி மறைந்துவிட்டது என்று தொடங்கி, உடனே அது தவறு என்று தம்மைத் தாமே திருத்திக்கொண்டு, அவ்வொளி இன்னும் நெடுங்காலம் இந்நாட்டில் துலங்கும் என்று அவர் கூறிய பகுதியைப் பலரும் மனப்பாடமாகவே அறிவர். ஆனால் முழு உரையையும் கேட்டவர் அவ்வளவு பேர் இல்லை. முழு உரையில் வேறு சில செய்திகளும் உண்டு. உடலைச் சில நாள் பதப்படுத்தி வைக்கலாம் என்று நண்பர்கள் சிலர் கூறியதையும், அத்தகைய செயல் கூடாதென்று காந்தியடிகள் பன்முறை சொல்லியிருந்ததால் அதற்கு இசையவில்லை என்பதையும் நேரு விளக்குகிறார். மறுநாள் ஊர்வலம் எப்பொழுது புறப்படும், எவ்வழியே யமுனைக் கரையை அடையும், மக்கள் எவ்வாறு அமைதி காத்தல் வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாக அறிவிக்கிறார்.

மேற்கோள் நூல்கள் இப்பகுதியை விட்டுவிடுகின்றன. நாமோ, இப்பகுதிக்காகவே அவ்வுரையை மீண்டும் கேட்க வேண்டும் என்போம். தந்தையை இழந்த வீட்டில் மூத்த மகன் அழுகையை அடக்கிக்கொண்டு, பந்தல் எங்கே, பாடை எப்பொழுது என்று விசாரிப்பதில்லையா? அந்த நிலையில் நின்று ஒரு நாட்டின் பிரதமர் பேசுகிறார். நாடெங்கும் கலகத் தீ மூளக்கூடிய இரவு அது. நேரமும் வழியும் குறிப்பதும், பகையை விலக்குமாறு வேண்டுவதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். அழகிய வாக்கியம் நினைவில் நிற்கிறது. ஆனால் அன்றிரவு மக்களைக் கட்டிக்காத்ததில் அந்த எளிய அறிவிப்புகளுக்கும் பங்கு உண்டு.

மறுநாள், ஜனவரி 31ஆம் நாள், பிர்லா மாளிகையிலிருந்து யமுனைக் கரை வரை சென்ற ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ நேர்முகமாக வருணித்தார். ஏறத்தாழ ஏழு மணி நேரம், ஊர்வலத்தோடு நகரும் வண்டியில் இருந்தவாறே பேசினார். கண்ணால் காண முடியாத கோடி மக்களுக்கு அவர் குரலே கண்ணாயிற்று. வருணனையாளன் தன் துயரத்துக்கு இடங்கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். துயரமே இன்றிப் பேசினால் கேட்பவர் நெஞ்சு ஏற்காது. இவ்விரண்டுக்கும் இடையே ஏழு மணி நேரம் நின்ற அந்தக் குரலை, ஒலிபரப்புத் தொழிலில் புகும் இளைஞர் ஒவ்வொருவரும் கேட்டறிதல் நன்று.

இதுவரை கூறியவை ஒருநாள் நிகழ்ந்து, பின்னர்ப் பதிவின் வழியே வாழ்பவை. இனி, ஆண்டுதோறும் கேட்கவே பிறந்தது போன்ற ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். மகாளய அமாவாசை நமக்கு நீத்தார் கடன் செலுத்தும் நாள். வங்காளத்திலோ, அதனோடு துர்க்கையை வரவேற்கும் நாளும் அதுவே. அன்று விடியற்காலை நான்கு மணிக்கு வங்காளத்து இல்லங்கள் விழித்தெழுந்து வானொலியைத் திருப்புகின்றன. 'மகிஷாசுரமர்த்தினி' என்னும் நிகழ்ச்சி தொடங்குகிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், தேவி மாகாத்மியத்து வடமொழிச் சுலோகங்களும், வங்காள மொழி வருணனையும், பாடல்களும் மாறி மாறி வருகின்றன. எழுதித் தொகுத்தவர் பாணி குமார். இசையமைத்தவர் பங்கஜ் குமார் மல்லிக். சுலோகங்களையும் வருணனையையும் ஓதியவர் வீரேந்திர கிருஷ்ண பத்ரா. 1930களின் தொடக்கத்தில் பிறந்த இந்நிகழ்ச்சி, முதற்சில ஆண்டுகளில் நாளிலும் வடிவிலும் சிறிது மாறி, பின்னர் மகாளய விடியலில் நிலைபெற்றது.

1960களின் நடுப்பகுதி வரை இது நேரடியாகவே நிகழ்த்தப்பட்டது. கலைஞர்கள் நள்ளிரவு கடந்ததும் நிலையத்துக்கு வந்து, நீராடித் தூய ஆடை உடுத்து, வழிபாட்டுக்கு அமர்வது போல் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தனர். வாத்தியக் குழுவில் முஸ்லிம் கலைஞர்களும் இடம்பெற்றிருந்தனர். பத்ரா பிராமணர் அல்லராதலின், அவர் சண்டி பாராயணம் செய்வது தகுமா என்ற கேள்வியும் தொடக்கத்தில் எழுந்ததாகச் சொல்வர். பாணி குமார் தம் தேர்வில் உறுதியாக நின்றார். கேட்பவர் செவி அக்கேள்விக்கு நாளடைவில் விடை தந்துவிட்டது. சுலோகத்தை ஓதிக்கொண்டே வந்து, தேவியை அழைக்கும் இடத்தில் அவர் குரல் தழுதழுக்கிறது. அவ்விடத்தில் கேட்பவர் யாருக்கும் அவர் குலம் நினைவுக்கு வருவதில்லை. 1941இல் இரவீந்திரநாத் தாகூரின் இறுதி ஊர்வலத்தைக் கல்கத்தா நேயர்களுக்கு வருணித்ததும் இதே குரல்தான்.

1976ஆம் ஆண்டு வந்தது. நாட்டில் நெருக்கடி நிலை நிலவிய காலம். பழைய நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் புதிய நிகழ்ச்சி ஒன்றை மகாளயத்தன்று ஒலிபரப்ப வானொலி அதிகாரிகள் முடிவு செய்தனர். புதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே எவரும் நினைத்திருப்பர். வங்காளத் திரையுலகின் மாபெரும் நடிகர் உத்தம் குமார் குரல் கொடுத்தார். ஹேமந்த குமார் முகோபாத்யாயர் இசையமைத்தார். இருவருமே மக்கள் தலைமேல் வைத்துப் போற்றிய கலைஞர். ஆனால் விடிந்ததும் எதிர்ப்பு வெள்ளமெனப் பெருகிற்று. நேயர்கள் தொலைபேசியிலும் கடிதத்திலும் நேரிலும் நிலையத்தை முற்றுகையிட்டனர். வானொலி தன் முடிவை மாற்றிக்கொண்டு, அவ்வாண்டுத் துர்க்கை பூஜையின்போதே சஷ்டியன்று பழைய பதிவை ஒலிபரப்பிற்று. அடுத்த ஆண்டு முதல் மகாளய விடியலில் மீண்டும் பத்ராவின் குரலே ஒலிக்கலாயிற்று. பாணி குமார் 1974இலும், பங்கஜ் மல்லிக் 1978இலும், பத்ரா 1991இலும் மறைந்தனர். நிகழ்ச்சி மறையவில்லை. அன்றாட வாழ்வில் வானொலியை மறந்துவிட்ட குடும்பங்களும் மகாளயத்துக்கு முந்திய வாரத்தில் பழைய பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் வழக்கம் இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

இந்த வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பேச்சுரிமை ஒடுங்கியிருந்த ஓர் ஆண்டில் அரசாங்க நிலையம் ஒன்று மக்கள் விருப்பத்துக்குப் பணிந்தது என்றால், அந்த விருப்பத்தின் வலிமை எங்கிருந்து வந்தது? ஒருமுறை கேட்டதை மாற்றினால் யாரும் பொருட்படுத்தார். நாற்பதாண்டு திரும்பத் திரும்பக் கேட்டது மக்களின் உடைமையாகிவிடுகிறது. ஒலிபரப்பியவர்கள் அதைத் தம் அலுவலகச் சரக்கு என்று எண்ணினர். கேட்டவர்களோ தம் வீட்டுப் பூஜை மாடத்து விளக்கு என்று எண்ணினர். இரு தரப்பினரும் தத்தம் நிலையில் நேர்மையாளரே. ஆயினும் வென்றது விளக்கு. புதுமை கூடாது என்பது இதன் பொருளன்று. பழையதும் ஒருகாலத்தில் புதுமையாகவே வந்தது, எதிர்ப்பையும் கண்டது. பொதுமக்களின் நினைவில் வேரூன்றிய ஒன்றை அவர்களைக் கேளாமல் பெயர்க்கலாகாது என்பதே பொருள்.

மக்கள் செவியை ஆணையால் திருப்ப முடியாது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1952இல் மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய இசையை நாட்டில் பரப்ப வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கம் உடையவர். அவ்வாண்டில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியால் நாடு பெற்ற நன்மை பெரிது. ஆனால் திரைப்பாடலுக்கு வானொலியில் இடமின்றிப் போகவே, நேயர்கள் இலங்கை வானொலியைத் திருப்பினர். 1952 டிசம்பர் 3ஆம் நாள் அங்கே அமீன் சயானி தொடங்கிய 'பினாகா கீத்மாலா' புதன்கிழமை இரவுகளில் வட இந்தியத் தெருக்களை வெறிச்சோட வைத்தது. பம்பாயில் பதிவு செய்த நாடா விமானமேறிக் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து அலையேறி இந்தியாவுக்குத் திரும்பிற்று. சகோதரிகளை முதலிலும் சகோதரர்களைப் பின்னும் வைத்து அவர் விளித்த முறை, அடுக்களையில் இருந்தவாறே கேட்ட பெண்களுக்கு மதிப்பளித்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் நம் வானொலி 'விவிதபாரதி'யைத் தொடங்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். சயானி 2024 பிப்ரவரியில் மறைந்தபோது, முதியோர் பலர் பாடல்களை நினைத்தல்லாது, அந்த விளியை நினைத்தே கண்கலங்கினர்.

இவையெல்லாம் எஞ்சியது தற்செயலன்று. 1950களில் வானொலியில் ஒலிப்பதிவுகளைத் தொகுத்துக் காக்கும் பிரிவு அமைந்தது. குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோரின் உரைகளும், பெரும் இசைவாணர்களின் கச்சேரிகளும் அங்கே சேர்ந்தன. ஆயினும் காத்தவற்றைவிடக் காவாது விட்டவையே பன்மடங்கு. உலகின் எல்லா ஒலிபரப்பு நிறுவனங்களையும் போல், நாடாவின் விலையை எண்ணி, பதிந்ததை அழித்து மறுபடி பதியும் வழக்கம் இங்கும் இருந்தது. தலைவரின் உரையைக் காத்தோம். உழவர்க்கும் மாதர்க்கும் நாள்தோறும் ஒலித்த நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியை இழந்தோம். அரசர் கல்வெட்டு நிற்க, குடியானவன் ஓலை மக்கிப்போன பழைய கதையே இது.

பாட்காஸ்ட் காலத்தில் இக்கவலை வேண்டாம் என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. முன்பு நாடா அரிதாயிருந்தது. இன்று இடம் மலிந்திருக்கிறது. ஆனால் அந்த இடம் நம்முடையது அன்று. நிறுவனம் ஒன்று கடையைக் கட்டினால், கட்டணம் செலுத்துவோர் நின்றுபோனால், பல்லாண்டுப் பேச்சு ஒரே நாளில் மறையும். எல்லாம் என்றும் இருக்கும் என்னும் நம்பிக்கையைப்போல் காப்பகத்துக்குப் பகை வேறில்லை. கேட்டவற்றுள் சிறந்ததைப் படியெடுத்து வைப்பதும், நாளும் பேசியவர் பெயரும் குறித்து வைப்பதும், நூலகங்கள் நூலைச் சேர்ப்பதுபோல் குரலையும் சேர்ப்பதும் இன்றைய கடமைகள்.

மறுமுறை கேட்கத்தக்கது எது என்னும் கேள்விக்கு இந்த வரலாறு தரும் விடையைச் சுருங்கக் கூறி முடிப்போம். செய்தியை மட்டும் தருவது ஒருமுறைக்குப் போதும். பேசுபவர் தம் கேட்போரை மதித்து, உள்ளதை உள்ளவாறு, தம் மனம் ஒப்பிச் சொன்னது மறுமுறையும் நிற்கும். குருக்ஷேத்திரத்து அகதிகளிடம் பேசிய முதியவரும், ஊர்வல வண்டியில் ஏழு மணி நேரம் பேசிய வருணனையாளரும், விடியற்காலையில் தேவியை அழைத்த ஓதுவாரும் தொழிலாலும் மொழியாலும் வேறுபட்டவர். இந்த ஒன்றில் ஒருமைப்பட்டவர். வீட்டில் சிறுவர் இருப்பின், அடுத்த விடுமுறை நாளில் இக்குரல்களுள் ஒன்றை அவர்களோடு அமர்ந்து கேளுங்கள். ஓராண்டு கழித்து அதையே மறுபடி கேளுங்கள். முதன்முறை அவர்கள் கேளாதது எது என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.